ஸ்மார்ட் சாதனங்களுக்கிடையிலான ‘நட்பு’ வலையமைப்புக்கு எதற்கு?

நிலா_வெள்ளவத்தை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் கொழும்பில் கணினிப் பொறியியல் இறுதியாண்டு மாணவி. ஆய்வுத் திட்டத்துக்காகச் ‘சமூகப் பொருள் இணையம்’ பற்றி வாசித்து வருகிறேன். சாதனங்கள் தமக்குள் உறவுகளை ஏற்படுத்திக்கொள்வதாகவும், நண்பரின் நண்பர் ஊடாகச் சேவைகளைத் தேடுவதாகவும் கட்டுரைகள் கூறுகின்றன. எங்கள் தொடர்மாடியில் வீட்டுக்கு வீடு ரவுட்டரும் கெமராவும் இருக்கின்றன. ஆயினும் பக்கத்து வீட்டுக் கெமராவுடன் எங்கள் கெமரா பழக வேண்டிய தேவை எனக்கு விளங்கவில்லை. ஆறாம் தலைமுறை (6G) கைத்தொலைபேசி வலையமைப்பில் இந்த உறவுகளுக்கு உண்மையான வேலை இருக்கிறதா, அல்லது இது கவர்ச்சியான உவமை மட்டும்தானா?

அலைவரிசை எழுதியது:

தங்கச்சி, வேலை இருக்கிறது. இக்கருத்துக்குக் கட்டமைப்பு ஒன்றைத் தந்தவர்கள் அட்சோரி, இயேரா, மொராபிட்டோ என்னும் இத்தாலிய ஆய்வாளர்கள். 2011இல் சுருக்கமாகவும் 2012இல் விரிவாகவும் எழுதினார்கள். ஒரே உற்பத்தியாளரிடம் ஏறத்தாழ ஒரே காலத்தில் உருவானவை, ஒரே இடத்தில் இருப்பவை, ஒரே வேலைக்காகச் சேர்ந்து இயங்குபவை, ஒரே உரிமையாளருக்குச் சொந்தமானவை, உரிமையாளர்கள் அடிக்கடி சந்திப்பதால் தாமும் சந்தித்துக்கொள்பவை என ஐந்து வகை உறவுகளை அவர்கள் வகுத்தார்கள்.

இதன் பயன் தேடலில்தான் தெரியும். ஐந்தாம் தலைமுறைக்கு ஒரு சதுர கிலோமீற்றரில் 10 இலட்சம் சாதனங்கள் என்று இலக்கு வைத்த சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம், அடுத்த தலைமுறைக்காக 2023இல் ஏற்றுக்கொண்ட பரிந்துரையில் அதை 10 இலட்சம் முதல் 10 கோடி வரையென ஆய்வு இலக்காகக் குறிப்பிட்டுள்ளது. அவ்வளவு நெரிசலில், தகவல் தேவைப்படும் ஒவ்வொரு சாதனமும் எல்லோரையும் விசாரித்தால், விசாரணைச் செய்திகளே அலைவரிசையை நிரப்பிவிடும். ஒவ்வொன்றும் தன் சில நண்பர்களிடம் கேட்க, அவை தம் நண்பர்களிடம் கேட்டால், அந்தச் சுமை குறையும். ஆனால் நண்பர்கள் ஊடாகத் தகவலிடம் செல்லும் குறுகிய பாதை ஒன்று இருந்துவிட்டால் போதாது. தன் அயலை மட்டும் அறிந்த சாதனத்தால் அப்பாதையைக் கண்டுபிடிக்கவும் முடிய வேண்டும். தொலைதூர இணைப்புகள் எவ்வாறு பரவியிருக்கின்றன என்பதைப் பொறுத்தே அது சாத்தியமாகும் என்று கணினி அறிவியலாளர் கிளைன்பெர்க் 2000இல் காட்டினார். ஆகவே எந்த நண்பர்களை வைத்திருப்பது, யாரைக் கைவிடுவது என்ற தெரிவே உங்கள் திட்டத்தின் கருவாக அமையலாம்.

உங்கள் கெமரா அயல்வீட்டுப் படத்தைக் கேட்கப் போவதில்லை, கேட்கவும் கூடாது. புதிய மென்பொருளை ஏற்றிய பின்னர் அதே வகைக் கெமரா ஒழுங்காக இயங்குகிறதா என்று கேட்கலாம். எந்த வைஃபை சனலில் நெரிசல் குறைவு என்பதை ஒரே மாடியிலுள்ள ரவுட்டர்கள் பகிர்ந்துகொள்ளலாம்.

மறைகுறி எழுதியது:

அலைவரிசை அண்ணா சொன்னதில் ஓர் இடத்தில் நான் மாறுபடுகிறேன். ஒரே தொழிற்சாலைச் சாதனங்களின் உறவைப் பயன்படுத்தலாம், நம்பக் கூடாது. 2016இல் மிராய் என்னும் தீநிரல் ஏராளமான கெமராக்களையும் ஒளிப்பதிவுக் கருவிகளையும் கைப்பற்றியதற்குக் காரணம், அவை தொழிற்சாலையில் இடப்பட்ட கடவுச்சொற்களுடனேயே இணையத்தில் இருந்தமைதான். ஒரே வகைச் சாதனங்களுக்கு ஓட்டையும் ஒன்றே. ஒன்று வீழ்ந்தால் மற்றதும் வீழ்ந்திருக்க வாய்ப்புண்டு.

யாரிடம் கேட்பது என்பதை உறவு தீர்மானிக்கட்டும். வந்த பதிலை ஏற்பதா என்பதை வேறொரு கணக்கு தீர்மானிக்க வேண்டும். நிட்டி, ஜிராவ், அட்சோரி ஆகியோர் 2014இல் இதற்கு இரு வழிகளை ஒப்பிட்டார்கள். முதல் வழியில் ஒவ்வொரு சாதனமும் தன் அனுபவத்தையும் பொது நண்பர்களின் கருத்தையும் வைத்து மதிப்பிடுகிறது. மற்றதில் மதிப்பீடுகள் பலவிடங்களில் பகிர்ந்து சேமிக்கப்பட்டு, எல்லோருக்கும் ஒரே மதிப்பெண் கிடைக்கிறது. எந்த வழியாயினும் கூட்டாகப் பொய்ப் புகழ் பரப்புவோரும், நல்ல சாதனத்தைப் பழிப்போரும், சிலகாலம் ஒழுங்காக நடந்துவிட்டுத் திடீரென ஏமாற்றுவோரும் இருப்பார்கள். பரிசோதனையில் இவர்களைச் சேர்க்காத ஆய்வு பாதி ஆய்வுதான்.

தண்டவாளத்து_ஓரம் எழுதியது:

கைத்தொலைபேசிகளை இருவருமே விட்டுவிட்டீர்கள். அருகிலுள்ள தொலைபேசிகள் கோபுரத்தின் ஊடாகச் செல்லாமல் நேரடியாகப் பேசுவதற்கான விதிகள், கைத்தொலைபேசித் தரநிலைகளை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பின் 12ஆவது வெளியீட்டிலேயே வந்துவிட்டன. வாகனங்களுக்கான ஐந்தாம் தலைமுறை நேரடி இணைப்பு 16ஆவது வெளியீட்டில் வந்தது. நுட்பம் இருந்தும், என் மின்கலத்தைச் செலவிட்டு முன்பின் தெரியாத ஒருவரின் தரவை நான் ஏன் கடத்த வேண்டும் என்ற கேள்விக்குப் பதில் இல்லை. சமூக உறவு அங்கேதான் கைகொடுக்கிறது: முன்பு எனக்கு உதவிய சாதனத்துக்கு என் சாதனமும் உதவும்.

கோட்டையை நோக்கிச் செல்லும் காலைக் கரையோர ரயிலில் ஒரே பெட்டியில் அன்றாடம் ஏறுபவர்கள் பெரும்பாலும் பேசிக்கொள்வதில்லை. இத்தகையோரை ‘பழகிய அந்நியர்’ என்று 1972இல் உளவியலாளர் மில்கிராம் விவரித்தார். அவர்களது தொலைபேசிகளுக்கு அது வளமான உறவு. ஆனால் அதே பதிவு, யார் யாருடன் எந்நேரம் பயணிக்கிறார் என்பதையும் வெளிப்படுத்திவிடும். தொலைபேசிகள் இன்று தம் வைஃபை முகவரிகளை மாற்றிக்கொண்டே இருப்பது இத்தகைய அடையாளங்காணலைத் தடுக்கத்தான். இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் ஒருமுறை வாசியுங்கள். சாதனங்களின் உறவு வரைபடத்திலிருந்து மனிதர்களின் உறவு வரைபடத்தை எடுத்துவிட முடியும்.

நிலா_வெள்ளவத்தை எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. உரிமையாளர் உறவையும் இட உறவையும் மட்டும் எடுத்துக்கொண்டு, ஏமாற்றும் சாதனங்களையும் சேர்த்துப் பரிசோதிக்க எண்ணியுள்ளேன். ஒரு சந்தேகம்: புறக்கோட்டையில் விற்கப்படும் பழைய ரவுட்டரை ஒருவர் வாங்கினால், அதன் பழைய நட்புகள் என்னவாகும்?

மறைகுறி எழுதியது:

நல்ல கேள்வி, சகோதரி. எல்லாவற்றையும் அழித்தால் கெட்ட பெயரெடுத்த சாதனமும் தூய்மையாகத் திரும்பிவிடும். அழிக்காவிட்டால் முன்னைய உரிமையாளரின் தொடர்புகள் புதியவரிடம் போய்ச் சேரும். வீட்டு ஸ்மார்ட் சாதனங்களுக்காக 2022இல் வெளிவந்த மேட்டர் தரநிலையில், சாதனத்தின் அடையாளத்தை உறுதிப்படுத்தும் இரு டிஜிட்டல் சான்றிதழ்கள் உண்டு. உற்பத்தியாளர் தந்தது மீளமைத்த பின்னரும் நிலைத்திருக்கும். வீட்டு வலையமைப்பில் சேரும்போது கிடைத்தது அழிந்துவிடும். நட்புகளை இரண்டாவதுடனும், அவநம்பிக்கையை முதலாவதுடனும் பிணைத்துப் பாருங்கள். நிலையான சான்றிதழ் சாதனத்தைப் புதிதாக இணைக்கும் வேளையில் மட்டுமே சரிபார்க்கப்படுவதால், கெட்ட பதிவையும் அந்த ஒரு தருணத்தில் மட்டும் விசாரித்தால் போதும். மற்ற நேரங்களில் அது வெளியே தெரிய வேண்டியதில்லை. அப்பதிவை யார் வைத்திருப்பது, தவறாகப் பழிக்கப்பட்ட சாதனத்தை எப்படி விடுவிப்பது என்பவற்றை உங்கள் மேற்பார்வையாளருடன் இப்போதே பேசி முடிவெடுங்கள். அவை தீராமல் நிரலெழுதத் தொடங்க வேண்டாம்.