பிரசவ அறையிலேயே ரத்த உறைவு பார்க்கும் கருவி வாங்கலாமா?

மார்த்தாண்டம்_மயக்கவியல்:
மார்த்தாண்டம் பக்கம் ஒரு சின்ன மகப்பேறு ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுக்கிறேன். குழந்தை பிறந்தபின் ரத்தப்போக்கு வந்தால் பி.டி., ஏ.பி.டி.டி. என்ற ரத்த உறைவுச் சோதனைகள் எல்லாம் வெளி லேபுக்குத்தான் போகிறது, ரிசல்ட் வர ஒரு மணி நேரம், ராத்திரி என்றால் இன்னும் கூடும், அதற்குள் அந்தப் பெண்ணின் நிலைமையே மாறிவிடுகிறது. இப்போது இரண்டு கம்பெனிக்காரர்கள் வந்துபோகிறார்கள். ஒன்று விரலில் குத்தி ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தை வைத்துப் போடும் எண்) காட்டும் கைக்கருவி, விலை குறைவு. இன்னொன்று ரோட்டெம் வகை, ரத்தம் உறைந்து எவ்வளவு கெட்டியாகிறது என்று கோடு வரைந்து காட்டும், விலை ரொம்ப அதிகம். எதை வைத்து முடிவு செய்வது? பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள்.

நாகர்கோவில்_ஓடி:
டாக்டர், ஐ.என்.ஆர். கருவியை இந்த வேலைக்கு வாங்க வேண்டாம். அது ரத்தம் கட்டாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்காகச் செய்தது. பிரசவ ரத்தப்போக்கில் முதலில் விழுவது ரத்தத்தை உறையவைக்கும் புரதமான ஃபைப்ரினோஜன், அது நன்றாக இறங்கின பிறகும் ஐ.என்.ஆர். ஒழுங்காகவே காட்டிக்கொண்டிருக்கலாம், நாமும் அந்த நம்பரை நம்பி நிம்மதியாக இருந்துவிடுவோம். எனக்கு அதுதான் பயம்.

மற்றவர்களுக்கு ஃபைப்ரினோஜன் லிட்டருக்கு 2 முதல் 4 கிராம் என்றால் நிறைமாதத்தில் 4 முதல் 6 வரை இருக்கும். அதனால் ரிப்போர்ட்டில் 2.5 என்று வந்து பக்கத்தில் நார்மல் என்று அச்சாகியிருந்தால் அது நார்மல் இல்லை, பாதி போய்விட்டது என்று அர்த்தம். 2-க்குக் கீழே இறங்கியவர்களுக்குப் போக்கு கடுமையாகிறது என்று 2007-லேயே பிரான்ஸ் ஆய்வு ஒன்று காட்டியது.

ரோட்டெமில் ஃபிப்டெம் ஏ5 என்ற அளவைப் பாருங்கள் (உறையத் தொடங்கி 5 நிமிடத்தில் ஃபைப்ரினோஜனால் எவ்வளவு கெட்டியானது என்பது), ரத்தம் எடுத்து 10, 15 நிமிடத்தில் கிடைத்துவிடும். அது 12 மி.மீ.-க்கு மேல் இருந்தால் ஃபைப்ரினோஜன் ஏற்றத் தேவையில்லை என்று 2017-இல் வந்த ஓ.பி.எஸ்.2 ஆய்வு சுட்டிக்காட்டியது. வேல்ஸ் நாட்டில் இதை வைத்து நல்ல பலன் கிடைத்தது என்று கம்பெனிக்காரர் சொல்வார், உண்மைதான், ஆனால் அங்கே ரத்தப்போக்கை எடைபோட்டு அளப்பது, மூத்த டாக்டரைச் சீக்கிரம் கூப்பிடுவது எல்லாம் சேர்ந்த ஒரே திட்டமாகச் செய்தார்கள், பெருமை முழுவதையும் மெஷினுக்குக் கொடுக்க முடியாது.

தக்கலை_லேப்:
சார், டெமோவுக்கு வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். நீல மூடி டியூபில் எடுக்கிற அதே ரத்தத்தில் பாதியை மெஷினில் போட்டு, மீதியை கிளாஸ் (Clauss) என்ற முறையில் ஃபைப்ரினோஜன் பார்க்கும் லேபுக்கு அனுப்புங்கள். நன்றாக இருக்கிற கர்ப்பிணிகளின் ரத்தத்தை மட்டும் வைத்து ஒப்பிட்டால் எந்த மெஷினும் பாஸாகிவிடும். ரத்தப்போக்கு உள்ளவர்கள், நஞ்சுக்கொடி முன்னாடியே பிரிந்தவர்கள், ஹெல்ப் சிண்ட்ரோம் (கர்ப்பத்தில் ரத்த அணுக்கள் உடைந்து, ஈரல் பாதித்து, தட்டணுக்கள் குறையும் நோய்) வந்தவர்கள் ரத்தமும் வேண்டும். இரண்டு நம்பரும் சேர்ந்து ஏறி இறங்குகிறது என்று கிராஃப் காட்டுவார்கள், அது போதாது. லேபில் 2-க்குக் கீழே வந்தவர்களில் எத்தனை பேரை மெஷின் கோட்டைவிட்டது என்று எண்ணுங்கள், அந்த ஒன்றுதான் முக்கியம்.

டிரிப் ஓடுகிற கையில் ரத்தம் எடுத்தால் எந்த மெஷினும் தப்பாகத்தான் காட்டும். டியூபில் கோடு வரைக்கும் ரத்தம் வேண்டும், டியூபில் உறையாமல் தடுக்கும் சிட்ரேட் ஒரு பங்குக்கு ரத்தம் ஒன்பது பங்கு.

குலசேகரம்_சிஸ்டர்:
டாக்டர், நான் லேபர் வார்டு ஸ்டாஃப். மெஷினில் நம்பர் குறைவாக வந்தால் கொடுக்க உங்களிடம் என்ன இருக்கிறது? கிரையோ (ஃபைப்ரினோஜன் நிறைந்த ரத்தப் பொருள்) உறைய வைத்துத்தான் இருக்கும், ரத்த வங்கியில் அதை உருக்கி, நாகர்கோவிலில் இருந்தோ திருவனந்தபுரத்தில் இருந்தோ ரோட்டில் கொண்டுவர வேண்டும். அந்த நேரத்தை முதலில் கணக்குப் பண்ணுங்கள். 15 நிமிடத்தில் ரிசல்ட் வாங்கிவிட்டு கிரையோவுக்காக இரண்டு மணி நேரம் காத்திருந்தால் அந்த அம்மாவுக்கு என்ன பிரயோஜனம்?

ரத்தப்போக்கைக் குறைக்கும் மருந்தான டிரனெக்ஸாமிக் 1 கிராம் எந்த ரிசல்ட்டுக்கும் காத்திருக்கக் கூடாது. பிரசவமாகி மூன்று மணி நேரத்துக்குள் போனால்தான் பலன், 2017-இல் வந்த வுமன் ஆய்வில் 20,000 பெண்களிடம் பார்த்த விஷயம். அளவு குறித்த டிரேப் விரித்து ரத்தத்தை அளக்கிறீர்களா? கண்மதிப்பில் எப்போதும் குறைத்துத்தான் சொல்கிறோம்.

கருவி வரும்வரை கண்ணாடிக் குழாய் சோதனையை விட்டுவிடாதீர்கள். சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம், உள்ளங்கைச் சூட்டில் மூடிப் பிடித்துக்கொள்ள வேண்டும். 4 நிமிடம் கழித்து மெல்லச் சாய்த்துப் பார்த்து, பிறகு நிமிடத்துக்கு ஒரு தடவை பாருங்கள். 7 நிமிடமாகியும் உறையவில்லை, அல்லது உறைந்தது லேசாக உடைகிறது என்றால் ரத்தம் உறைவதில் கோளாறு என்று எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கலாம். பிளாஸ்டிக் குழாய் கூடாது. லேசான குறைவு இதில் தெரியாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மார்த்தாண்டம்_மயக்கவியல்:
ரொம்ப நன்றி. கைக்கருவி வேண்டாம் என்று நாளைக்கே சொல்லிவிடுகிறேன். கிரையோ வந்துசேர எவ்வளவு நேரம் என்று ரத்த வங்கியில் பகலுக்கும் ராத்திரிக்கும் தனித்தனியாகக் கேட்கப் போகிறேன், சிஸ்டர் சொன்னது மனதில் பதிந்துவிட்டது. தக்கலை சார், எங்களுக்கு மாதத்தில் பெரிய ரத்தப்போக்கு ஒன்றோ இரண்டோதான். மெஷினில் போடும் கார்ட்ரிட்ஜ் காலாவதியாகி வீணாகாதா?

தக்கலை_லேப்:
ஆகும் சார். மெஷின் சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்கக் கன்ட்ரோல் ஓட்டுவதற்கும் செலவு இருக்கிறது, அதை விலைப்பட்டியலில் போடமாட்டார்கள், கேட்டு எழுதி வாங்குங்கள். ராத்திரி டியூட்டியில் யார் ஓட்டுவார்கள் என்றும் இப்போதே முடிவு பண்ணுங்கள். மாதம் ஒன்றிரண்டு கேஸுக்கு என்றால் நான் மெஷின் வாங்கச் சொல்லமாட்டேன், அந்தப் பணத்தில் ராத்திரியும் ஃபைப்ரினோஜன் பார்த்துத் தருகிற லேபோடு ஒப்பந்தம் போடுவேன்.