கடை கம்ப்யூட்டருக்கும் வெப்சைட்டுக்கும் வழி சொல்லுங்க

வணக்கம். காசிமேட்டுல அப்பா படகு இன்ஜின் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வெச்சிருக்காரு. பில், ஸ்டாக், ஜிஎஸ்டி எல்லாம் ஒரே கம்ப்யூட்டர்லதான். இன்டெல் ஆறாம் தலைமுறை ஐ3 பிராசசர், 4 ஜிபி ரேம், பழைய ஹார்ட் டிஸ்க். ஆன் பண்ணி முதல் பில் போட பத்து நிமிஷம் ஆகுது. உப்புக்காத்துல போன வருஷம் பவர் சப்ளை துருப்பிடிச்சே போச்சு.

இதுல இருக்கிற விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட சப்போர்ட் (பாதுகாப்பு அப்டேட்) முடிஞ்சிடுச்சு. விண்டோஸ் 11-க்கு இன்டெல்ல எட்டாம் தலைமுறை பிராசசராவது வேணும். ஹார்ட் டிஸ்குக்குப் பதிலா வேகமான எஸ்எஸ்டி போட்டு ரேமை 8 ஜிபி ஆக்கச் சொல்றாங்க ரிச்சி ஸ்ட்ரீட் கம்ப்யூட்டர் கடைகள்ல. வேகம் வரும், பாதுகாப்பு வராதே? வாடிக்கையாளர் கணக்கு இருக்கிற மெஷின், அதான் பயமா இருக்கு. செலவு பண்ணலாமா, புதுசே வாங்கிடலாமா?

இதைவிடப் பெரிய கவலை வெப்சைட். செஞ்சு குடுத்தவர் டொமைனை (வெப்சைட் முகவரியை) தன் இமெயில்லயே பதிஞ்சிருக்காரு. இப்ப போன் எடுக்கிறதில்ல. அடுத்த மாசம் புதுப்பிக்கணும். நாகப்பட்டினம், தூத்துக்குடி ஆர்டரெல்லாம் அது வழியாதான் வருது. அவர் லாகின் இல்லாம, டொமைனை வேற நிறுவனத்துக்கு மாத்தத் தேவையான டிரான்ஸ்ஃபர் கோட் எடுக்க முடியல. பணம் கட்டின ரசீது, ஜிஎஸ்டி சான்றிதழ் கையில இருக்கு. இதைக் காட்டி டொமைன் பதிவு நிறுவனத்துக்கிட்ட இருந்து டொமைனை மீட்டவங்க இருந்தா, என்னென்ன அனுப்பினீங்கன்னு சொல்லுங்க.

ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் கடைக்கே வந்து பார்க்கிறவங்க இருந்தாலும் சொல்லுங்க. டேட்டாவை நேத்து ராத்திரியே காப்பி எடுத்து வீட்டுல வெச்சுட்டேன்.