புதுப்பிப்பு: அப்பாவின் கன்னத்து வெள்ளைப் படை, பரிசோதனை முடிவு

30 வருடமாக வெற்றிலை சப்பும் அப்பாவின் உட்கன்னத்தில் நோவில்லாத வெள்ளைப் படை. திருகோணமலையில் யாரிடம் காட்டுவது என்று கேட்டிருந்தேன். பதில் தந்தவர்களுக்கு நன்றி. "களிம்பு பூசிக் காத்திருக்காமல் அரச வைத்தியசாலைப் பற்சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்" என்ற ஆலோசனையே கைகொடுத்தது. பல் வைத்தியர் ஐந்தே நிமிடத்தில் பார்த்துவிட்டு வாய், முக அறுவைச் சிகிச்சை நிபுணரிடம் அனுப்பினார். அங்கே விறைக்க ஊசி போட்டுச் சிறு துண்டு வெட்டியெடுத்தார்கள். முடிவு வர மூன்று வாரம்; வீட்டில் எவருக்கும் சோறு இறங்கவில்லை.

புற்றுநோய் இல்லை. ஆனால் அதற்கு முந்திய கல மாற்றம் உண்டு. மூன்று மாதத்துக்கொருமுறை காட்ட வேண்டும்.

எதிர்பாராதது ஒன்று: "புகையிலையை எப்போதோ விட்டுவிட்டேனே" என்று அப்பா வாதாடினார். புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கப் போதும் என்றார் வைத்தியர். வெற்றிலைத் தட்டம் இப்போது அலமாரிக்குள்ளே, சாவி அம்மாவிடம்.