ஒரே அரச சட்டவாதி, முரண்படும் இரண்டு அலுவலகங்கள்: ஆட்சேபிக்கலாமா?

பாலையடி:
முல்லைத்தீவுப் பக்கம் எங்கள் வயல். அப்பாவுக்கு 1984 இல் கிடைத்த காணி அனுமதிப்பத்திரம் இடப்பெயர்வு முழுவதும் பொலித்தீன் பையில் அம்மாவின் மடியோடு வந்தது. மடிப்பில் கிழிந்திருந்தாலும் இலக்கம் தெரிகிறது. இப்போது ஒரு திணைக்களம் வரம்புக்குள் எல்லைக்கல் நட்டு, இது காடு என்கிறது. பத்திரம் தந்த அலுவலகமோ அது இன்றும் செல்லும் என்கிறது. பெயர்கள் வேண்டாம், கல் நட்டவர்கள், பத்திரம் தந்தவர்கள் என்றே எழுதுகிறேன்.

அரச அலுவலகத்தின் செயலைத் தடுக்கக் கேட்கும் ரிட் மனுவை மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் போட்டோம். எதிர்மனுதாரர் இருவருக்கும் எழுந்து நிற்பவர் ஒரே அரச சட்டவாதி! ஆட்சேபனையோடு வந்தது கல் நட்டவர்களின் சத்தியக்கடதாசி மட்டும். கல்லை அகற்றுமாறு பத்திரம் தந்தவர்கள் எழுதிய கடிதத்தைக் கோவையில் (பைலில்) என் கண்ணால் கண்டேன், பிரதி தரவில்லை. ஒருவருக்காக மற்றவரின் வாயை அவர் அடைக்கலாமா? வவுனியாவிலேயே வழக்குப் போட்டிருக்கலாமோ என்ற கவலை வேறு.

புதுக்கடை நரைமுடி:
கடைசிக் கவலையை விடுங்கள், தங்கச்சி. அரச காணி பற்றிய உயர் நீதிமன்றத்தின் 2013 தீர்ப்புக்குப் பிறகு, வவுனியாவில் போட்டிருந்தால் மாகாண மேல் நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை என்ற ஆட்சேபனைதான் முதலில் வந்திருக்கும்.

அரச சட்டவாதி வேலை செய்யும் சட்டமா அதிபர் திணைக்களம் இரண்டு அலுவலகங்களுக்குத் தோன்றுவது அதனளவில் தவறல்ல. அரசு ஒன்று என்பதுதான் அங்கே கணக்கு. முரண்பாடு தெரிந்தால் இரு தரப்பையும் அழைத்துப் பேசி, சட்டம் எந்தப் பக்கம் என்று ஆலோசனை சொல்லி, ஒரே நிலைப்பாட்டுக்குக் கொண்டுவர வேண்டும். முடியாவிட்டால் ஒருவருக்கு வேறு சட்டத்தரணி. இரண்டுமில்லாமல் ஒருவரின் கதையை மட்டும் முன்வைப்பதுதான் பிழை. சட்டமா அதிபருக்கு நீதிமன்றத்துக்கும் அரசுக்கும் குடிமகனுக்கும் கடமை உண்டு என்று 1981 இல் பிரதம நீதியரசர் நெவில் சமரக்கோன் சொன்னார். குடிமகன் என்ற சொல்லில் நீங்களும் அடக்கம்.

மாங்குளத்தான்:
அப்படியானால் விலகச் சொல்லி உடனே மனுக் கொடுங்கள், அக்கா. சட்டத்தரணிகளுக்கான 1988 ஆம் ஆண்டு ஒழுக்க விதிகளின்படி நீதிமன்றத்தைத் தவறாக வழிநடத்தக் கூடாது; அரச சட்டவாதிக்கு அதில் விலக்கு இல்லை.

புதுக்கடை நரைமுடி:
விதி சரி, தம்பி, யோசனை சரியில்லை. அவர் விலகினால் புதியவர் வருவார், கோவை படிக்கத் தவணை கேட்பார். இந்தப் பிள்ளை இரவு பஸ்ஸில் கொழும்புக்கு வந்து, அடுத்த தேதியை எழுதிக்கொண்டு திரும்பும். அந்தக் கடிதம் அப்போதும் கோவையில்தான் கிடக்கும்.

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், கடிதத்தின் திகதியைக் குறிப்பிட்டுப் பிரதி கேளுங்கள். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். வந்ததும் உங்கள் எதிர் சத்தியக்கடதாசியோடு இணையுங்கள். பிறகு நீதியரசரே அரச சட்டவாதியிடம் கேட்பார்: இது உங்கள் கட்சிக்காரரின் கடிதம்தானே? அதற்கு மறுமொழி சொல்வது அவர் பாடு.

ஒன்று கேட்கிறேன். மனுவில் நீங்கள் எதையாவது விட்டீர்களா?

பாலையடி:
2008 முதல் 2012 வரை விதைக்கவில்லை. முகாம், பிறகு உறவினர் வீடு. திரும்பியபோது இடுப்பளவு பற்றை. அதைச் சொன்னால் காடுதான் என்பார்களே என்று எழுதவில்லை.

புதுக்கடை நரைமுடி:
ஐயோ. இன்றைக்கே உங்கள் சட்டத்தரணியிடம் சொல்லுங்கள். ரிட் கேட்டு வருபவர் முக்கியமான விடயத்தை மறைத்தால், உரிமை இருந்தாலும் மனுவைத் தள்ளிவிடலாம். யுத்தத்தால் விட்ட வயலில் பற்றை வளர்ந்தது என்பதை நீங்களே சொன்னால் அது விளக்கம். அவர்கள் சொன்னால் குற்றச்சாட்டு. மீள்குடியேற்றப் பதிவு, கிராம அலுவலரின் கடிதம் இருந்தால் சேர்த்துக் கொடுங்கள்.

பாலையடி:
தகவல் விண்ணப்பம் கொடுத்துப் பற்றுச்சீட்டும் வாங்கிவிட்டேன், ஐயா. பற்றைக் கதையைச் சட்டத்தரணியிடம் சொன்னேன். நன்றாகத் திட்டினார். பிறகு பேனையை எடுத்து, எந்த மாதம் முகாமுக்குப் போனீர்கள் என்று கேட்டு எழுதத் தொடங்கினார்.