பெருங்குடல் அழற்சி நோயாளியை ஆய்வுக் குழுவுக்கு ஆலோசகராக அழைக்கிறார்கள்: சேரலாமா?

தண்டையார்பேட்டைக்காரன் (வினா)

அனைவருக்கும் வணக்கம். என் வயது 41. துறைமுகத்தை ஒட்டிய ஒரு சுங்க முகவர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். ஆறு ஆண்டுகளாக எனக்கு அல்சரேட்டிவ் கொலைடிஸ் என்னும் பெருங்குடல் அழற்சி நோய் இருக்கிறது. நாள்தோறும் மெசலமைன் மாத்திரை சாப்பிடுகிறேன். நோய் தலைதூக்கிய இரண்டு முறை ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டு, மருத்துவர் சொன்னபடி வாரம் வாரமாக அளவைக் குறைத்து நிறுத்தினேன். இப்போது ரத்தப்போக்கு இல்லை. ஆனாலும் காலை ஐந்து மணி முதல் ஒன்பது மணி வரை என் பொழுது கழிப்பறையைச் சுற்றியே கழிகிறது. நாங்கள் இருப்பது ஒண்டுக்குடித்தனம். நான்கு குடும்பங்களுக்கு இரண்டு கழிப்பறைகள். பிள்ளைகள் பள்ளிக்கும் பெரியவர்கள் வேலைக்கும் கிளம்புகிற நேரமும் அதுவே என்பதால், வெளியே யாராவது காத்திருக்கிறார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டேதான் உள்ளே உட்கார்ந்திருப்பேன். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ ரயில் வந்த பிறகு பயணம் சற்று எளிதானது. வேகத்துக்காக அல்ல, நிலையங்களில் கழிப்பறை இருப்பதற்காகவே நான் அதில் போகிறேன்.

சென்ற வாரம் மருத்துவமனையில் மருந்துக்காகக் காத்திருந்தபோது ஆய்வு ஒருங்கிணைப்பாளர் ஒருவர் என்னிடம் பேசினார். குடல் அழற்சி நோயாளிகளின் அன்றாட வாழ்க்கையைப் பற்றி ஓர் ஆய்வு தொடங்கவிருப்பதாகவும், அதை வடிவமைக்கும் குழுவில் நோயாளிகள் சிலரும் இடம்பெற வேண்டும் என்று விரும்புவதாகவும் சொன்னார். மாதம் ஒரு கூட்டம், ஆறு மாதங்கள். மருந்து எதுவும் தரப் போவதில்லையாம். வீட்டில் சொன்னதும் அம்மா, "உன்னை வைத்து எதையாவது செய்து பார்க்கப் போகிறார்களா?" என்று பயந்துவிட்டார். என் தயக்கம் வேறு. பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். மருத்துவர்கள் கூடியிருக்கும் இடத்தில் நான் சொல்வதற்கு என்ன இருக்கிறது? அலுவலகத்தில் இந்த நோயைப் பற்றி யாருக்கும் தெரியாது. அது வெளியே தெரிந்துவிடுமோ என்ற கவலையும் உண்டு. இப்படிப்பட்ட குழுவில் இருந்தவர்கள் யாரேனும் இருந்தால் வழி சொல்லுங்கள்.

வியாசைப் பெண்

வணக்கம் அண்ணா. எனக்குக் க்ரோன் நோய்; அதுவும் குடல் அழற்சி நோய்தான். சிறுகுடலின் கடைசிப் பகுதியில் புண் இருந்ததால் முதலில் குடல் காசநோய் என்று நினைத்து ஆறு மாதம் காசநோய் மருந்து கொடுத்தார்கள். இரண்டு நோய்களும் பெரும்பாலும் ஒரே இடத்தில், ஒரே மாதிரியான புண்களோடு வருவதாலும், சதைத் துணுக்கை எடுத்துச் சோதித்தாலும் சில சமயம் தெளிவு கிடைக்காததாலும், காசநோய் மிகுந்த நம் நாட்டில் அந்த மருந்தை முதலில் கொடுத்துப் பார்ப்பது வழக்கம்தான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்த ஆறு மாதத்தில் என்னிடம் யாராவது எதையாவது கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று மட்டும் தோன்றும்.

நான் ஓர் ஆலோசனைக் குழுவில் ஓராண்டு இருந்தேன். நீங்கள் என்ன சொல்ல முடியும் என்று கேட்கிறீர்கள் அல்லவா, முதல் கூட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். நோயாளிகள் தினமும் நிரப்ப வேண்டிய குறிப்பேட்டின் மாதிரியைக் கையில் கொடுத்தார்கள். அதில் முதல் கேள்வி, நேற்று எத்தனை முறை மலம் கழித்தீர்கள் என்பது. அண்ணா, உங்களுக்கு இருக்கும் நோயின் தீவிரத்தை அளக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் மேயோ அளவுகோலிலும் இதுதான் முதலில் வரும் என்று குழுவில் இருந்த மருத்துவர் விளக்கினார். வழக்கத்தைவிட எத்தனை முறை கூடுதலாகப் போகிறது, ரத்தம் கலந்திருக்கிறதா, கொலோனோஸ்கோபியில் குடல் எப்படித் தெரிகிறது, மொத்தத்தில் மருத்துவரின் கணிப்பு என்ன என்ற நான்குக்கும் பூச்சியம் முதல் மூன்று வரை மதிப்பெண். கூட்டினால் அதிகபட்சம் 12.

நான் எழுந்து, அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை இரண்டே முறைதான் போனேன் என்றேன். நல்ல நாள் போலிருக்கிறதே என்றார் மருத்துவர். அந்த மாதத்திலேயே எனக்கு மோசமான நாள் அதுதான் என்றேன். தாம்பரத்தில் தம்பிக்குப் பெண் பார்க்கப் போக வேண்டியிருந்தது. மின்சார ரயிலில் கழிப்பறை கிடையாது. ஆகவே முந்தின நாள் மதியத்துக்குப் பிறகு நான் ஒரு வாய் சோறு உண்ணவில்லை. பெண் வீட்டில் வைத்த கேசரியையும் பஜ்ஜியையும் தொடாமல் இருந்ததற்கு, பையனின் அக்காவுக்குப் பெண்ணைப் பிடிக்கவில்லை என்று அவர்களே முடிவுகட்டிவிட்டார்கள். வயிற்றைப் பட்டினி போட்டால் எண்ணிக்கை குறையத்தான் செய்யும். அறை சிறிது நேரம் அமைதியாக இருந்தது. பிறகு குறிப்பேட்டில் இரண்டு கேள்விகள் சேர்ந்தன: வெளியே போக வேண்டும் என்பதற்காக இன்று உணவைத் தவிர்த்தீர்களா, உணர்வு வந்த பிறகு எத்தனை நிமிடம் அடக்க முடிந்தது.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. நோயால் எத்தனை நாள் விடுப்பு எடுத்தீர்கள் என்று ஒரு கேள்வி இருந்தது. எங்கள் குழுவில் காசிமேட்டில் மீன் விற்கும் அம்மா ஒருவர் இருந்தார். "லீவு போட எனக்கு யாரு சம்பளம் குடுக்கறாங்க? கூடையைப் பக்கத்துக் கடைக்காரிகிட்ட ஒப்படைச்சிட்டு ஓடுவேன், வந்து பார்த்தா பாதி மீன் வித்திருக்கும், காசு குறையும்" என்றார். விடுப்பு என்ற சொல்லுக்குப் பதிலாக அந்த இழப்பைக் கேட்கும் விதமாகக் கேள்வியை மாற்றினார்கள். நீங்கள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்களே, அதை அந்தக் கூட்டத்தில் சொல்லுங்கள். எந்த அளவுகோலிலும் அது இல்லை.

பெரம்பூர் தமிழாசிரியர் (ஓய்வு)

தம்பிக்கு வணக்கம். மருத்துவ ஆய்வுகளுக்கு ஒப்புதல் தரும் அறநெறிக் குழு ஒன்றில் பொதுமக்கள் சார்பு உறுப்பினராகச் சில ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனைகள் விதிகளின்படி அந்தக் குழுவில் குறைந்தது ஏழு பேர் இருக்க வேண்டும். அவர்களில் மருத்துவம் சாராத பொதுமனிதர் ஒருவரும், சட்டம் அறிந்த ஒருவரும், பெண் உறுப்பினர் ஒருவரும் கட்டாயம் இருக்க வேண்டும்.

உங்கள் தாயாரின் அச்சத்துக்குக் காரணம், இரண்டு வெவ்வேறு வேலைகள் ஒன்றாகத் தோன்றுவதுதான். ஆய்வில் பங்கேற்பவர் வேறு, ஆய்வை வடிவமைக்க ஆலோசனை சொல்பவர் வேறு. புதிய மருந்தொன்றின் பரிசோதனையில் பங்கேற்பவருக்கு, புரியும் மொழியில் விளக்கம் தந்து எழுத்து வடிவில் ஒப்புதல் பெற வேண்டும். ஒப்புதல் படிவத்தின் நகல் அவர் கையில் இருக்க வேண்டும். பரிசோதனையால் தீங்கு நேர்ந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. வழக்கமான சிகிச்சைக்கு எந்தக் குறையும் வராமல் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். அத்தகைய பரிசோதனைகளை 2007-இல் தொடங்கப்பட்ட இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிவு செய்வது 2009 முதல் கட்டாயம். அதை இணையத்தில் எவரும் தேடிப் பார்க்கலாம். ஆலோசகரின் உடலில் எதுவும் செய்யப்படுவதில்லை. ஆனால் நீங்கள் கூட்டத்தில் பேசுவதைப் பதிவு செய்து அதையே ஆய்வுத் தரவாகப் பயன்படுத்தப் போகிறார்கள் என்றால், அந்த நிமிடமே நீங்கள் பங்கேற்பாளரும் ஆகிவிடுகிறீர்கள். அதற்குத் தனியாக ஒப்புதல் கேட்க வேண்டும். உங்கள் பெயர் எங்கே எழுதப்படும், அறிக்கையில் வருமா என்பதை முதல் நாளே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அலுவலகத்தைப் பற்றிய உங்கள் கவலைக்கு அதுதான் காப்பு.

பன்னிரண்டாம் வகுப்பைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அறநெறிக் குழுவில் இருந்தபோது என்னிடம் ஒரு ஒப்புதல் படிவத்தைத் தமிழில் திருத்தித் தரச் சொன்னார்கள். இரண்டு சிகிச்சைகளில் எது கிடைக்கும் என்பதை யாரும் தேர்ந்தெடுக்காமல் கணினியே முடிவு செய்யும் முறைக்கு, 'சமவாய்ப்பு முறையில் ஒதுக்கீடு செய்யப்படுவீர்கள்' என்று எழுதி, நல்ல தமிழ் எழுதிவிட்டதாக மகிழ்ந்திருந்தேன். புறநோயாளிகள் பிரிவில் ஒரு பெண்மணியிடம் படிக்கக் கொடுத்தோம். படித்து முடித்தவர், "இதில் எங்கள் சாதிக்கு எத்தனை சதவீதம் ஐயா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் பிழையே இல்லை. ஒதுக்கீடு என்றால் இந்த ஊரில் அதுதான் பொருள். 'சீட்டுக் குலுக்கிப் போடுவது போல' என்று மாற்றினோம். முப்பத்திரண்டு ஆண்டுகள் தமிழ் கற்பித்த எனக்கு அது தோன்றவில்லை.

நம் நகரத்துக்கு இதில் ஒரு பழைய தொடர்பும் உண்டு. காசநோயாளிகளைச் சானடோரியத்தில் மாதக்கணக்கில் வைத்திருக்கத்தான் வேண்டுமா, வீட்டிலேயே மருந்து கொடுத்தால் போதாதா என்ற கேள்விக்கு உலகத்துக்கே விடை சொன்ன ஆய்வு 1956-இல் சென்னையில் தொடங்கி, அதன் முடிவு 1959-இல் வெளியானது. நெருக்கமான வீடுகளில் வாழ்ந்த ஏழை நோயாளிகளே அதில் இருந்தார்கள். வீட்டில் மருந்து உண்டவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமானார்கள். வீட்டைக் கணக்கில் எடுத்துக்கொண்ட ஆய்வு அது. உங்கள் ஒண்டுக்குடித்தனமும் அப்படிக் கணக்கில் வர வேண்டியதுதான்.

எண்ணூர்வாசி

எல்லோரும் நல்லதையே சொல்கிறீர்கள். நான் கொஞ்சம் கசப்பானதைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆய்வுக்காக மூன்று முறை மல மாதிரியைப் பனிக்கட்டிப் பையில் வைத்து, கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பேருந்தில் மடியில் சுமந்துகொண்டு போனேன். பக்கத்தில் உட்கார்ந்தவர், பையில் இருப்பது மீனா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அந்த ஆய்வு என்ன ஆயிற்று என்று இன்றுவரை எனக்கு ஒரு வரி கூட வரவில்லை. எனக்கிருந்த பெரிய தொல்லை சோர்வு. ரத்தசோகை சரியாகி, குடலும் ஆறிவிட்டது என்று சொன்ன பிறகும், மாலை நான்கு மணிக்கு யாரோ பிளக்கைப் பிடுங்கியது போல ஆகிவிடும். அதைப் பற்றி அவர்களின் படிவத்தில் ஒரு கேள்வி கூட இல்லை. சேருவதாக இருந்தால், முடிவை எங்களிடம் எப்போது, எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். பயணச் செலவையும் ஒரு நாள் கூலியையும் கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம், அறையில் மற்ற எல்லோரும் சம்பளத்துக்குத்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

வியாசைப் பெண்

எண்ணூர் அண்ணாவுக்கு ஒரு செய்தி. நோயாளிகளும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களும் மருத்துவர்களும் ஒன்றாக உட்கார்ந்து, அடுத்து எதை ஆராய வேண்டும் என்று முடிவு செய்வதற்காகப் பிரிட்டனில் 2004-இல் ஜேம்ஸ் லிண்ட் கூட்டமைப்பு என்று ஒன்றைத் தொடங்கினார்கள். நம் குடல் நோய்களுக்கும் அப்படிப் பத்துக் கேள்விகளைத் தேர்ந்தெடுத்தார்கள். மருந்தைப் பற்றிய கேள்விகளோடு சோர்வும், வலியும், அடக்க முடியாத அவசரமும், என்ன சாப்பிடலாம் என்பதும் அந்தப் பத்தில் இருக்கின்றன. உங்கள் நான்கு மணி உங்களுக்கு மட்டும் உரியதல்ல.

கூலி விஷயத்தில் அண்ணா சொல்வது சரி. எங்கள் குழுவில் முதல் இரண்டு கூட்டங்களுக்குத் தேநீரும் பிஸ்கட்டும்தான் கிடைத்தன. மீன்காரம்மா கணக்குப் போட்டுச் சொன்ன பிறகுதான் பணம் வந்தது.

தண்டையார்பேட்டைக்காரன்

மூவருக்கும் நன்றி. ஆசிரியர் ஐயா சொன்னதை அம்மாவிடம் இரண்டு முறை படித்துக் காட்டினேன். ஊசி போட மாட்டார்கள்தானே என்று மட்டும் கேட்டுவிட்டு விட்டுவிட்டார். நேற்று ஒருங்கிணைப்பாளரைத் தொலைபேசியில் அழைத்தேன். என் பெயர் எந்த அறிக்கையிலும் வராது என்று எழுதித் தர ஒப்புக்கொண்டார். பயணச் செலவு உண்டு. கூலியைப் பற்றிக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். ஆய்வு முடிந்ததும் நோயாளிகளுக்குத் தமிழில் முடிவைச் சொல்லும் திட்டம் இருக்கிறதா என்று கேட்டதற்குச் சிறிது தயங்கி, அதை முதல் கூட்டத்தில் நீங்களே எழுப்புங்களேன் என்றார். எண்ணூர் அண்ணாவின் மூன்று பயணங்களையும் சொல்லப் போகிறேன். ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன்.

அதன் பிறகு கூட்டம் எத்தனை மணிக்கு என்று கேட்டேன். காலை எட்டரைக்கு, மருத்துவர்கள் புறநோயாளிகளைப் பார்க்கப் போவதற்கு முன்பே முடித்துவிடலாம் என்று பார்க்கிறோம் என்றார். குடல் நோயாளிகளைக் காலை எட்டரைக்கா அழைக்கிறீர்கள் என்று கேட்டேன். மறுமுனையில் சற்று நேரம் பேச்சே இல்லை. இன்று குறுஞ்செய்தி வந்திருக்கிறது: கூட்டம் பிற்பகல் இரண்டு மணிக்கு, அறைக்கு எதிரிலேயே கழிப்பறை இருக்கிறது.