ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஸ்பீக்கரும் ஊளையிடுகிறதா? கார் ஆடியோ தொல்லைகள், அனுபவங்கள்

கம்பிக்காரன்

வண்டியில் ஆம்ப் (பாட்டைப் பெருக்கி ஸ்பீக்கருக்குக் கொடுக்கும் பெட்டி) மாட்டிய நாளிலிருந்து ஒரு ஊளைச் சத்தம். வண்டி நின்றபடி ஓடும்போது மெலிதாக இருக்கும். ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க அதுவும் சுருதி ஏறும். வால்யூமை அடியோடு குறைத்தாலும் அது மட்டும் குறையாது. இன்ஜினை அணைத்துவிட்டு சாவியை மட்டும் ஆனில் வைத்தால் முழு அமைதி. இன்ஜினோடு சுற்றிக் கரண்ட் தயாரிக்கும் ஆல்டர்நேட்டரின் இரைச்சல் என்று அதிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் அது எந்த வழியாக உள்ளே நுழைகிறது?

மாட்டிக்கொடுத்த கடையில் “ஒரு ஃபில்டர் போட்டால் போய்விடும்” என்றார்கள். போய்விடலாம், ஆனால் உள்ளே இருக்கும் கோளாறு அப்படியே இருக்கும். அதனால் முதலில், செட்டிலிருந்து (டேஷ்போர்டில் இருக்கும் ஸ்டீரியோ) பாட்டைக் கொண்டுவரும் ஆர்சிஏ வயரை ஆம்ப்பிலிருந்து உருவினேன். சத்தம் நின்றது. பலர் இந்த இடத்திலேயே “ஆம்ப்பும் எர்த்தும் (வண்டியின் உலோக உடம்போடு சேரும் மைனஸ் இணைப்பு) நல்லா இருக்கு” என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அது அவசரம். எர்த் மோசமாக இருந்தாலும் ஆர்சிஏவை உருவியதும் இரைச்சல் உள்ளே வரும் சுற்று அறுந்துபோகும், சத்தமும் நிற்கும். அடுத்து, சார்ஜரில் போடாத ஒரு செல்போனை நேராக ஆம்ப்பில் இணைத்துப் பாட விட்டேன். சுத்தமான சத்தம். அப்புறம் வேறொரு ஆர்சிஏ வயரை, பவர் வயர் பக்கமே போகாமல், சீட்டுக்கு மேலாக இழுத்துப் பார்த்தேன். பழைய ஊளை திரும்பி வந்தது. அப்போ வயர் போகும் பாதையும் காரணமில்லை, மிச்சம் இருப்பது செட்டும் எர்த்தும்தான். முதலில் செட்டைப் பார்த்தேன்.

செட்டின் பின்பக்கம் ஆர்சிஏ சாக்கெட்டின் வெளி வளையத்துக்கும் செட்டின் உலோக உடம்புக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்தேன். கிட்டத்தட்ட பூஜ்ஜியம் ஓம் காட்ட வேண்டிய இடம், இணைப்பே இல்லை என்று காட்டியது. சில செட்களில் இந்த எர்த் பாதையில் கண்ணுக்கே தெரியாத பொடி ஃபியூஸ் ஒன்று இருக்கும். ஆம்ப்பின் எர்த் சரியில்லை என்றால் அதன் கரண்ட் ஆர்சிஏவின் வெளிச்சுற்று வழியாக ஓடப் பார்க்கும், ஃபியூஸ் போய்விடும். பவர் ஆனில் இருக்கும்போது ஆர்சிஏவைச் சொருகி உருவினாலும் இதே கதிதான். ஒரு துண்டு வயரை அந்த வளையத்தில் சுற்றி, மறுமுனையைச் செட்டின் உடம்பில் திருகியதும் ஊளை நின்றது. பிறகு போர்டைக் கொடுத்துச் சரி செய்துகொண்டேன்.

ஃபியூஸ் ஏன் போனது என்று பார்க்க ஆம்ப்பின் எர்த் போல்ட்டைக் கழற்றினேன். பெயின்ட் மேலேயே முறுக்கி வைத்திருந்தார்கள்! வெறும் உலோகம் பளபளக்கும்வரை சுரண்டி, பல் வாஷர் போட்டு இறுக்கினேன். உங்கள் வண்டியிலும் பாட்டைச் சத்தமாக வைத்து, ஆம்ப்பின் எர்த் முனைக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே வோல்ட் பாருங்கள். 0.1 அல்லது 0.2 வோல்ட் இருந்தால் சரி, அதைத் தாண்டினால் எர்த்தைக் கவனியுங்கள்.

அலைவரிசை

எனக்கு ரேடியோ. புது செட் போட்டதும் பக்கத்து நிலையங்கள் மட்டும் எடுத்தன, தூரத்து நிலையங்கள் வெறும் இரைச்சல். செட் மட்டம் என்று திருப்பிக் கொடுக்கக் கிளம்பிவிட்டார்கள் வீட்டில். கோளாறு ஆன்டெனாவில். கூரையிலும் பின் கண்ணாடியிலும் இருக்கும் பல ஆன்டெனாக்களுக்குள் சின்ன பூஸ்டர் இருக்கும், அதற்கு 12 வோல்ட் வேண்டும். பழைய செட் அதை ஆன்டெனா கேபிள் வழியாகவே அனுப்பிக்கொண்டிருந்தது. புதியதில் அதற்கென்று தனி நீல வயர். அதை இணைக்க வழியுள்ள அடாப்டர் ஒன்று போட்டதும் எல்லா நிலையமும் வந்தன.

சிலருக்கு டேஷ்கேமின் சார்ஜரைச் சொருகினால் மட்டும் எஃப்எம் கரகரக்கும். உருவிப் பார்த்தாலே தெரிந்துவிடும், செட்டைப் பிரிக்க வேண்டியதில்லை.

பேஸ்பிரியன்

கதவு ஸ்பீக்கர் இரண்டையும் மாற்றினேன். கூர்மை கூடியது, பேஸ் காணாமல் போனது. ஈக்வலைசரை எவ்வளவு ஏற்றினாலும் வரவில்லை. பேலன்ஸை முழுக்க இடது பக்கம் தள்ளியதும் பேஸ் வந்துவிட்டது! நடுவில் வைத்தால் மறுபடி மாயம். ஒரு ஸ்பீக்கருக்கு பிளஸ் மைனஸ் மாறியிருந்தது. ஒன்று முன்னே தள்ளும்போது மற்றொன்று பின்னே இழுத்தால் பேஸ் காற்றிலேயே அடித்துப்போகும்.

எதில் மாறியிருக்கிறது என்று கண்டுபிடிக்க, ஸ்பீக்கர் வயர்களைச் செட்டிலிருந்து கழற்றிவிட்டு, அந்த முனையில் 1.5 வோல்ட் பென்சில் செல்லை ஒரு நொடி தொடுங்கள். செல்லின் பிளஸ், பிளஸ் வயரில் பட்டால் கூம்பு வெளியே வர வேண்டும். உள்ளே போனால் அந்தக் கதவில்தான் மாற்றி மாட்டியிருக்கிறது.

ரப்பர்குழாய்

டிரைவர் கதவைத் திறந்தால் மட்டும் ஆம்ப்பின் புரொடெக்ட் லைட் (கோளாறு விளக்கு) எரிந்து ஆம்ப் படுத்துவிடும் என்று என் தம்பி வண்டியைக் கொண்டுவந்தான். கதவுக்கும் தூணுக்கும் நடுவே ரப்பர் குழாய் ஒன்று இருக்கிறதே, அதற்குள் ஸ்பீக்கர் வயரின் தோல் கிழிந்து உலோகத்தில் உரசிக்கொண்டிருந்தது. ஆம்ப் பக்கம் வயரைக் கழற்றி, மல்டிமீட்டரை வயருக்கும் பாடிக்கும் வைத்துக் கதவை மெல்ல ஆட்டினால் பாதி வழியில் பீப் அடித்தது. இன்றைய செட்களில் ஸ்பீக்கர் மைனஸ் வயர் எர்த் கிடையாது. பழைய பழக்கத்தில் அதைப் பாடியில் கொடுத்தால் செட்டுக்குள் ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் ஐசி போய்விடும்.

புதியவன்

அண்ணன்களே, என் செட் சாவியை எடுத்தால் கடிகாரத்தையும் நிலையங்களையும் மறந்துவிடுகிறது. இன்னொன்று, பேஸ் அடிக்கும்போதெல்லாம் ஹெட்லைட் மங்குகிறது.

கம்பிக்காரன்

தம்பி, முதலாவது அனேகமாக மஞ்சள் வயரும் (எப்போதும் கரண்ட் இருக்க வேண்டியது) சிவப்பு வயரும் (சாவி ஆனில் இருந்தால் மட்டும்) மாறியதுதான். சாவியை எடுத்த பிறகும் வண்டியின் எந்த வயரில் 12 வோல்ட் இருக்கிறது என்று அளந்து, அதைச் செட்டின் மஞ்சளுக்குக் கொடுங்கள். நிறத்தை நம்ப வேண்டாம், சில வண்டிகளில் கம்பெனியிலிருந்தே இடம் மாறி வரும். அது சரியாக இருந்தால் மஞ்சள் வயரின் ஃபியூஸைப் பாருங்கள்.

இரண்டாவதுக்கு, இன்ஜின் ஓடும்போது பேஸ் அடிக்கும் நேரத்தில் பேட்டரி முனையிலும் ஆம்ப் முனையிலும் அளந்து பாருங்கள். பேட்டரியில் 14ஐ ஒட்டி நின்று ஆம்ப்பில் மட்டும் விழுந்தால் வயர் மெலிசு, இல்லையென்றால் எர்த். இரண்டிலுமே 12க்குக் கீழே போனால் ஆல்டர்நேட்டருக்கும் பேட்டரிக்கும் தாங்கவில்லை. அளந்த எண்களை இங்கே போடுங்கள், கெபாசிட்டர் (கரண்டைத் தேக்கி வைத்துக் கொடுப்பது) வாங்குவதை அதுவரை தள்ளி வையுங்கள்.