போட்டோ பொறிக்கும்போது மட்டும் திக்கித் திக்கிப் போகும் லேசர்: ஜிஆர்பிஎல் தெரிந்தவர்கள் உதவுங்கள்

மரத்தூள்:
ஆர்டுயினோ ஊனோ (சின்னக் கட்டுப்பாட்டு போர்டு), அதன் மேல் மாட்டும் சிஎன்சி ஷீல்டு வி3, 5 வாட் நீல லேசர் டயோடு வைத்து நானே கட்டிய மெஷின். போர்டில் ஜிஆர்பிஎல் 1.1 (மெஷினை நகர்த்தும் ஃபர்ம்வேர்) ஏற்றி, கம்ப்யூட்டரில் லேசர்ஜிஆர்பிஎல் மென்பொருள் வழியாக ஓட்டுகிறேன். பெயர்ப்பலகை மாதிரி வெறும் கோடுகள் என்றால் அருமையாக வருகிறது. ப்ளைவுட்டில் போட்டோ போட்டால்தான் தலைவலி, நிழல் மாறுகிற ஒவ்வொரு இடத்திலும் ஒரு நொடி தயங்கி நின்று அங்கே கருப்புப் புள்ளி வைத்துவிட்டுப் போகிறது. இடது வலது ஓரங்களில் கரிப்பட்டை வேறு. பெல்ட்டை இறுக்கிவிட்டேன், டிரைவர் கரண்டையும் பார்த்துவிட்டேன். மோட்டார் மாற்ற வேண்டுமா?

சால்டர்மணி:
மோட்டாரைத் தொடாதீர்கள். $$ (அமைப்புகளைக் காட்டும் கட்டளை) அடித்து $30, $31, $32 மூன்றின் மதிப்பையும் இங்கே போடுங்கள்.

மரத்தூள்:
$30=1000, $31=0, $32=0.

சால்டர்மணி:
நினைத்தேன். $32 தான் லேசர் மோடு. அது 0 ஆக இருந்தால் ஜிஆர்பிஎல் உங்கள் லேசரைச் சுழலும் ஸ்பிண்டில் (வெட்டும் மோட்டார்) என்றே எடுத்துக்கொள்ளும். எஸ் மதிப்பு, அதாவது லேசரின் சக்தி, மாறும்போதெல்லாம் கையில் இருக்கிற நகர்வுகளை முடித்து, நின்று, பிறகுதான் அடுத்ததைத் தொடங்கும். கோட்டுப் படத்தில் எஸ் அபூர்வமாகத்தான் மாறும், அதனால் தெரியவில்லை. போட்டோவில் கிட்டத்தட்ட ஒவ்வொரு புள்ளியிலும் மாறுமே. $32=1 அடியுங்கள். அப்படியே மென்பொருளில் எஸ்-மேக்ஸ் (உச்ச எஸ்) உங்கள் $30 போலவே 1000 தானா என்றும் பாருங்கள், 255 என்று இருந்தால் கால் பங்கு சக்திதான் கிடைக்கும்.

காகிதக்கப்பல்:
ஓரக் கரிக்கு, லேசரை எரியவைக்கும் கட்டளையை எம்3 இலிருந்து எம்4 ஆக மாத்திப் போடுங்க ப்ரோ. வரி முடிகிற இடத்தில் தலை வேகம் குறைந்து திரும்புகிறது, எம்3 அப்போதும் அதே சக்தியைக் கொட்டும். எம்4 என்றால் வேகத்துக்கு ஏற்ப சக்தியும் தானாகக் குறையும். படம் ஏற்றும் ஜன்னலிலேயே தேர்வு இருக்கிறது.

மரத்தூள்:
இரண்டும் செய்தேன், திக்கல் சுத்தமாகப் போய்விட்டது, பட்டையும் மங்கிவிட்டது. ரொம்ப நன்றி. ஆனால் இப்போது ஃபோகஸ் பார்க்க எம்3 எஸ்10 கொடுத்தால் புள்ளியே எரியவில்லை, முன்பு எரிந்ததே?

சால்டர்மணி:
லேசர் மோடில் அப்படித்தான். ஜி0 (பொறிக்காமல் வெறுமனே நகரும்) நிலையில் இருந்தால் அணைத்தே வைக்கும், பாதுகாப்புக்காக. முதலில் ஜி1 எஃப்1000 (பொறிக்கும் நகர்வு, வேகம் 1000) அனுப்பிவிட்டு அப்புறம் எம்3 எஸ்10 கொடுங்கள், நின்ற இடத்தில் எரியும். எம்4 இதற்கு உதவாது, தலை நின்றாலே அணைந்துவிடும். 450 நானோமீட்டருக்கு உரிய கண்ணாடி போட்டுக்கொண்டுதான் குனிந்து பார்க்க வேண்டும், சாதாரணக் கூலிங் கிளாஸ் கதைக்கு ஆகாது.

புதுக்கோணல்:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். அதே ஷீல்டு, அதே ஃபர்ம்வேர், ஆனால் எனக்கு லேசர் முழுசாக எரிகிறது அல்லது எரிவதே இல்லை, நிழல் என்பதே கிடையாது. ஸ்பிண்டில் எனேபிள் என்று எழுதிய பின்னில்தான் மாட்டியிருக்கிறேன்.

காகிதக்கப்பல்:
ஷீல்டில் அச்சடித்திருப்பது பழைய ஜிஆர்பிஎல் 0.8 காலத்து எழுத்து. அப்புறம் 0.9 இல் பிடபிள்யூஎம்முக்காக (சிக்னலை வேகமாக அணைத்து ஏற்றிச் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் முறை) 11ஆம், 12ஆம் பின்களை இடம் மாற்றிவிட்டார்கள். இசட் எண்ட்ஸ்டாப் என்று எழுதியிருக்கிற 11ஆம் பின்னில் லேசரின் சிக்னல் ஒயரை மாட்டுங்கள். புது ஷீல்டுகளும் அதே எழுத்தோடு வருவதுதான் எரிச்சல்.

மரத்தூள்:
கடைசியாக ஒன்று. மிமீக்கு 10 வரி வைத்து நிமிடத்துக்கு 6000 மிமீ வேகம் கொடுத்தால் மறுபடி லேசாக உதறுகிறது. 3000 என்றால் சரியாக இருக்கிறது.

சால்டர்மணி:
6000 என்றால் நொடிக்கு 100 மிமீ, அதாவது மோசமான படத்தில் நொடிக்கு 1000 ஜிகோடு (மெஷினுக்கான கட்டளை) வரி. வரிக்குப் பத்து எழுத்து வைத்தாலே 10,000 பைட். 115200 பாட் வேகக் கேபிளில் நொடிக்கு மொத்தமாகப் போகக்கூடியதே 11,520 பைட்தான். ஊனோவும் பாவம், ஒரு நேரத்தில் கொஞ்சம் நகர்வுகளைத்தான் முன்கூட்டிப் பார்த்துத் திட்டமிடும். 3000 இலேயே ஓட்டுங்கள். இன்னும் வேகம் வேண்டுமென்றால் இன்னும் வேகமான ஈஎஸ்பி32 போர்டு வாங்கி ஃப்ளூயிட்என்சி ஃபர்ம்வேர் போடலாம், அதுவும் ஓப்பன் சோர்ஸ்தான், ஆனால் ஷீல்டையும் மாற்ற வேண்டியிருக்கும்.